கிண்ணம் வென்றவர்க்குக் கோப்பை

வெற்றி பெற்றவருக்கு நாம் அளிக்கும் பரிசு, அவரைப் பற்றிச் சொல்வதிலும் பார்க்க நம்மைப் பற்றியே அதிகம் சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம். ஜேர்மனிய மகளிர் உதைபந்தாட்டத்தின் வரலாற்றைப் படித்தபோது அவ்வெண்ணம் உறுதிப்பட்டது.

1954 ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனிய ஆடவர் உலகக் கிண்ணத்தை வென்றனர். தேசமே பூரித்தது. பெண்களுக்கும் பந்தை உதைக்கும் ஆசை இருந்தது. ஆனால் மறு ஆண்டே ஜேர்மனிய உதைபந்தாட்டச் சம்மேளனம் அதற்குத் தடை விதித்தது. பெண்கள் அணி அமைக்கவோ, அவர்களுக்கு மைதானம் வழங்கவோ கூடாதென்று தன் கழகங்களுக்குக் கட்டளையிட்டது. பந்துக்காகப் போராடும்போது பெண்ணின் நளினம் மறைந்துவிடுமாம். உடலும் உள்ளமும் ஊறுபடுமாம். யாவும் பெண்களின் நன்மைக்காகவே! அந்த உடலுக்கும் உள்ளத்துக்கும் உரியவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா?

பெண்கள் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை, விளையாடினார்கள். 1956 இல் எஸன் நகரில் ஒல்லாந்துப் பெண்களை அவர்கள் எதிர்த்தாடியபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து பார்த்தனர். சம்மேளனம் அதனைத் தேசிய அணியென ஏற்கவில்லை.

தடை நீங்க 15 ஆண்டுகள் சென்றன. 1970 இல் நீங்கியபோதும் நிபந்தனைகள் கூடவே வந்தன. ஆட்டம் 70 நிமிடங்கள் மட்டுமே, பந்து சிறியதாயிருக்க வேண்டும், சப்பாத்தின் அடியில் குமிழ்கள் கூடா, குளிர்காலத்தில் ஆடலாகாது. கதவைத் திறந்தவர்கள் சங்கிலியைக் கழற்ற மறந்துவிட்டார்கள் போலும்.

1981 இல் தாய்வானில் நடந்த போட்டிக்கு ஜேர்மனியப் பெண்களை அழைத்தார்கள். அனுப்புவதற்குத் தேசிய அணி ஏது? பேர்கிஷ் கிளாட்பாக் என்னும் ஊரின் கழக அணியே நாட்டின் சார்பிற் சென்று, வெற்றியோடு திரும்பியது. மறு ஆண்டு நவம்பர் 10 ஆம் திகதி, கோப்ளென்ஸ் நகரில், தேசிய மகளிர் அணி தனது முதலாவது ஆட்டத்தை ஆடிச் சுவிற்சர்லாந்தை 5–1 என வென்றது. அன்று இரண்டு கோல்களைப் போட்டவர் 18 வயதான சில்வியா நைட்.

1989 இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டி மேற்கு ஜேர்மனியிலேயே நடந்தது. இத்தாலியுடனான அரையிறுதி ஆட்டம் தண்ட உதைகளால் முடிவாயிற்று. பந்துக்காவலர் மரியன் இஸ்பேட் மூன்று உதைகளைத் தடுத்தார்; பின்னர் தாமே முன்வந்து வெற்றி உதையையும் உதைத்தார். ஒஸ்னாபுருக் நகரில் ஏறத்தாழ 22,000 பேர் முன்னிலையில் நோர்வேயை 4–1 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றினார்கள்.

சம்மேளனம் மகிழ்ந்து பரிசளித்தது. என்ன பரிசு? ஆளுக்கொரு கோப்பித் தொகுதி! பூப்போட்ட பீங்கான் கோப்பைகளும் தட்டுகளும். கிண்ணம் வென்றவர்களுக்குக் கோப்பைகள்! அடுத்த ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற ஆடவருக்கோ பெருந்தொகை பணமாக வழங்கப்பட்டது.

என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலும் அத்தகைய தொகுதி ஒன்று உண்டு. திருமணத்துக்கு வந்தது. விருந்தினர் வரும்போது மாத்திரம் வெளியே எடுப்போம். அழகான பொருள்தான், அதன்மேல் எனக்குப் பகையில்லை. கொடுத்தவர்களும் தீய எண்ணத்தோடு கொடுத்திருக்கமாட்டார்கள். ஆயினும், ஆட்டம் முடிந்ததும் அப்பெண்கள் எங்கே திரும்புவார்கள் என்று அவர்கள் எண்ணியிருந்தனர் என்பதை அந்தக் கோப்பைகள் சொல்லிவிட்டன.

பெண்கள் திரும்பியது மைதானத்துக்கே. 2003 இலும் 2007 இலும் உலகக் கிண்ணம் அவர்களுடையதாயிற்று. 2007 இல், போட்டி முழுவதிலும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றார்கள். அப்போது பயிற்றுநராக இருந்தவர், கோப்ளென்சில் ஆடிய அதே சில்வியா நைட். 2013 அளவில் ஐரோப்பியக் கிண்ணம் எட்டுத் தடவை அவர்கள் கைக்கு வந்திருந்தது. 2016 இல் ஒலிம்பிக் தங்கமும் சேர்ந்தது. நளினம் போயிற்றா, உடல் ஊறுபட்டதா என்று இன்று யாரும் கேட்பதில்லை.

அண்மையில் என் தங்கை மகள் பாடசாலை ஓட்டப்போட்டியில் முதலாவதாக வந்தாள். நல்ல சேலைத் துணியாக வாங்கிக் கொடுக்கலாம் என்றனர் வீட்டார். நான் அவளையே கேட்டேன்.

"ஓடுவதற்கு ஒரு சோடி சப்பாத்து வேண்டும், பெரியம்மா. இருப்பது கடிக்கிறது" என்றாள்.