லெகார்னும் நாட்டுக்கோழியும்

ஓய்வு பெற்றதும் பாகூர்த் தோட்டத்தில் முட்டைக்காகப் பத்துக் கோழி வளர்க்க நினைத்தேன். குமாஸ்தா புத்தி கணக்குதான் பார்த்தது. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 முட்டை; வெள்ளை லெகார்ன் 250க்கு மேல். பிரெஞ்சுப் பள்ளியில் 'லிவூர்ன்' என்று படித்தோமே, அந்த இத்தாலியத் துறைமுகத்தின் பெயர்தான் லெகார்ன். பத்தும் அதுவே வாங்கினேன்.

"ஏங்க, அடைக்கு ரெண்டு நாட்டுக்கோழியாவது வேணாமா?" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

முட்டை குவிந்தது. ஆனால் ஒன்றுகூட அடை உட்காரவில்லை. கீரி நாலைத் தூக்கியது. அடுத்த வருஷம் முட்டையும் குறைந்தது. புதுக் குஞ்சுக்கு வழியில்லை.

அவள் ஒன்றும் சொல்லாமல், தன் சிறுவாட்டுக் காசில் இரண்டு நாட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வந்தாள். லெகார்ன் முட்டையையும் அவற்றுக்கே அடை வைத்தாள். 21ஆம் நாள் குஞ்சு பொரித்தது.

அவள் போய் நாலு வருஷம். அந்த வம்சம் இன்னும் முற்றத்தில் மேய்கிறது. புதிதாக வளர்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு ஜாதியும் கலந்து வையுங்கள். வீட்டில் சொல்வதையும் கேளுங்கள்.