மணல் திரும்பிய கரை

நார்வே, பின்லாந்து முதலிய வடகோடி நாடுகளில் செப்டம்பர் மாதத்தில் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குச் சென்று பழம் பறிப்பது வழக்கம். பனிக்காலம் கதவை அடைக்குமுன் வெளிக்காற்றை அனுபவித்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஆவல். நமக்குக் கதவை அடைப்பது பனியன்று; ஐப்பசி அடைமழை. ஆகவே புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், புளியோதரை மூட்டையுடன் நாங்கள் புதுச்சேரிக் கடற்கரையை அடைந்தோம்.

மாலை ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு இடமில்லை. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரமும் காலால் நடப்பவர்களுக்கே சொந்தம். செஞ்சிக் கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகளின் சிலையைச் சுற்றிவந்த குழந்தைகள், சற்று வடக்கே மணலைக் கண்டதும் ஓட்டம் பிடித்தனர். பாட்டி மட்டும் அசையாமல் நின்றுவிட்டாள்.

"சிறு பெண்ணாயிருந்தபோது இங்கேதான் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் விளையாடினோம். உங்கள் அப்பனை அழைத்து வந்தபோது கருங்கல்லைத்தான் காட்ட முடிந்தது" என்றாள்.

பாட்டி சொன்னது மெய்தான். கடலோர மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் சிறிது தெற்கே திரும்பும். 1980-களின் பிற்பகுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. வந்த மணல் அங்கேயே தங்கிற்று. நகரின் கரை தேய்ந்தது. சாலையைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். சாலை பிழைத்தது, மணல் வரவில்லை. 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் நீருக்குள் ஆப்பு வடிவான இரும்புத் திட்டு ஒன்றை அமைத்தனர். அலையின் வேகம் அடங்கவே, மணல் மெல்ல மெல்லப் படிந்தது. ஆயினும், வடக்கேயுள்ள மீனவக் குப்பங்கள் பலவற்றைக் கடல் இன்னும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

1908-இல் புதுவைக்கு அடைக்கலம் தேடி வந்த பாரதியார், பிரிட்டிஷ் வேவுகாரர்களின் கண்காணிப்பிலே பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்தார். சொந்த நாட்டில் கிட்டாத சுதந்திரக் காற்றை இக்கரையிலே சுவாசித்தார். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி நீங்கிப் புதுவையும் பாரதத்துடன் சேர்ந்தது. கரை நமதாயிற்று. ஆனால் அதன் மணல் அந்நியர் காலத்தில் போகவில்லை. நம் காலத்தில், நம் கையாலேதான் போயிற்று என்பதை நினைக்கையில் நெஞ்சு உறுத்துகிறது. உரிமையைப் பெறுவது ஒரு கடமை. பெற்றதைப் பேணுவது மற்றொரு கடமை.

இருட்டியதும் புறப்பட்டோம். சிறுவன் ஒரு கைப்பிடி மணலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பாட்டி பார்த்துவிட்டாள்.

"வேண்டாமடா கண்ணே! எவ்வளவு பாடுபட்டுத் திரும்பி வந்த மணல்! இங்கேயே இருக்கட்டும்."

அவன் பையை உதறினான். கடைசி மணலும் உதிரும்வரை நாங்கள் காத்திருந்தோம்.