கார் வராத பாதை... ஒரு பக்கம் காடு, மறுபக்கம் திராட்சை!

வட்டமான வெள்ளைப் பலகை. சுற்றிலும் சிவப்பு வளையம். உள்ளே ஒரு மோட்டார் பைக், அதன் கீழே ஒரு கார். 'இவை இரண்டும் இங்கே வரக் கூடாது' என்று அர்த்தம். அதற்கும் கீழே சின்னதாக இன்னொரு பலகை: 'விவசாய வண்டிகளுக்கு அனுமதி உண்டு.'

தென்மேற்கு ஜெர்மனியில் நாய்ஷ்டாட் என்ற ஊரைச் சுற்றி, வீடுகள் முடிந்து திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடங்களில் இந்தப் பலகைகளைப் பார்க்கலாம். கார் ஓட்டுகிறவருக்கு இது தடை. சைக்கிள்காரருக்கோ இதுதான் வரவேற்பு வளைவு. இதைத் தாண்டிய சில நிமிடங்களில், பின்னால் ஏதாவது வருகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் பழக்கம் தானாகவே விட்டுப்போகிறது. டயருக்கு அடியில் சரளைக்கல் நெரியும் சத்தம் மட்டும் கூடவே வருகிறது.

இந்தப் பகுதியின் பெயர் ஃபால்ஸ். ரைன் நதியின் மேற்கே சமவெளி விரிந்து கிடக்கிறது. அது முடியும் இடத்தில் ஹார்ட் மலைத்தொடர் மதில் போல எழுந்து நிற்கிறது. மலையடிவாரம் முழுக்கத் திராட்சை. மலைக்குப் பின்னால் ஃபால்ஸ் காடு, சுமார் 1,800 சதுர கிலோமீட்டர். ஜெர்மனியின் மிகப் பெரிய தொடர் காடுகளில் ஒன்று. 1998 முதல் பிரான்ஸின் வட வோஜ் மலைப் பகுதியோடு சேர்த்து, இரண்டு நாடுகளுக்கும் பொதுவான யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் மழையில் பெரும்பகுதியை மலைகள் வாங்கிக்கொள்வதால், அடிவாரத்தில் வெயிலும் வெதுவெதுப்பும் அதிகம். பாதாம் பூக்கிறது, அத்தி பழுக்கிறது.

திராட்சைத் தோட்டத்திலிருந்து பெடலை மிதித்தால் சீக்கிரமே காட்டுக்குள் போய்விடலாம். சாலைக்கும் சரளைக்கும் பொதுவாக வடிவமைக்கப்பட்ட 'கிராவல் பைக்'கில் வருகிறவர்களுக்கு இந்த இடம் பிடித்துப்போக அதுவே முக்கியக் காரணம். பந்தய சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார். ஆனால் டயர் மட்டும் அகலம், 40 மில்லிமீட்டர் அளவுக்கு. காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கல்லின் அதிர்ச்சி கையில் ஏறாது.

பாகப்பிரிவினை தந்த பாதைகள்

இவ்வளவு பாதைகள் எங்கிருந்து வந்தன? யாரும் சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. இதற்குப் பின்னால் நமக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு கதை இருக்கிறது. இந்தப் பகுதியில் அப்பாவின் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்து, கடைசியில் நிலம் ரிப்பன் போல மெலிந்துவிட்டது. சிலருடைய துண்டுக்குப் போக வழியே இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு பெரிய அளவில் நில ஒருங்கிணைப்பைச் செய்தது. சிதறிக் கிடந்த துண்டுகளைச் சேர்த்து, மாற்றிக் கொடுத்து, தோட்டங்களுக்கு டிராக்டர் போகும் அளவுக்கு வழி விட்டது. அன்று டிராக்டருக்காகப் போட்ட பாதைகள்தான் இன்று சைக்கிளுக்கும் உதவுகின்றன. முக்கியமானவை கான்கிரீட் அல்லது தார். கிளைப் பாதைகள் சரளை, சில இடங்களில் வெறும் புல்.

1935-ல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற 'ஜெர்மன் ஒயின் சாலை'யும் இந்த அடிவாரத்தில்தான் ஓடுகிறது. பிரான்ஸ் எல்லையிலுள்ள ஷ்வைகன் முதல் வடக்கே போக்கன்ஹைம் வரை 85 கிலோமீட்டர். ஆனால், அது கார்களின் சாலை. சைக்கிளில் வருகிறவர்கள் அதை ஊருக்குள் குறுக்கே கடப்பதோடு சரி. ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு மட்டும் வழக்கமாக விதிவிலக்கு. அன்று காலையிலிருந்து மாலை வரை இந்தச் சாலையிலும் மோட்டார் வண்டிகளுக்குத் தடை. குழந்தைகள், தாத்தா பாட்டிகள் என்று குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் இறங்கிவிடுகிறார்கள்.

மலை ஏறுது சரளை

ஹார்ட் மலையைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்தால் பாதையின் நிறம் மாறுகிறது. இது செம்மணற்கல் பூமி. மழைநீர் சீக்கிரம் உள்ளே இறங்கிவிடுவதால், பல இடங்களில் சேறு அதிகம் நிற்பதில்லை. ஒரு காலத்தில் வெட்டிய மரத்தை ஓடைகளில் மிதக்கவிட்டுத்தான் வெளியே கொண்டுபோனார்கள். அதற்காகக் கட்டிய கல் கரைகளும் சிறு குளங்களும் பள்ளத்தாக்குகளில் இன்றும் இருக்கின்றன. பிறகு லாரிகளுக்காகச் சரளைச் சாலைகள் வந்தன. மரம் ஏற்றிய லாரியால் செங்குத்தான பாதையில் ஏற முடியாது. அதனால் சாலை மலையைச் சுற்றிச் சுற்றி, மெதுவாகத்தான் ஏறும். கால் வலிக்கும், ஆனால் மூச்சு முட்டாது. காட்டின் உச்சியான கால்மிட் சிகரமே 673 மீட்டர்தான்.

காடு முழுவதும் அமைதி என்று நினைத்துவிடக் கூடாது. நடுக்காட்டில் சாலைகள் கூடும் யோஹானிஸ்க்ராய்ட்ஸ், மோட்டார் பைக் ஓட்டிகளுக்குப் பிரியமான இடம். வெயிலடிக்கும் ஞாயிறுகளில் எஞ்சின் உறுமல் தூரத்திலேயே கேட்கும். அங்கிருந்து சரளைப் பாதையில் ஒரு வளைவு திரும்பிக் கொஞ்ச தூரம் போனால்தான் மரங்கொத்தியின் சத்தம் திரும்பி வரும்.

வழியில் எழுத்து பொறித்த மணற்கற்கள் கண்ணில் படும். 'இங்கே இந்த ஊர் இருந்தது', 'இங்கே இந்த ஊற்று' என்று சொல்லும் 300-க்கும் மேற்பட்ட கற்களை நட்டது 1902-ல் தொடங்கிய ஃபால்ஸ் காட்டு நடைப்பயணச் சங்கம். காட்டுக்குள் இருக்கும் உணவுக் குடில்களில் பலவற்றை நடத்துவதும் இந்தச் சங்கத்தின் தன்னார்வலர்கள்தான். நீள மேஜை, நீள பெஞ்ச். தெரியாதவர் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். உருளைக்கிழங்கு சூப்போடு பிளம்ஸ் கேக் சேர்த்துச் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம். சைவக்காரர்களுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் உண்டு. ஒயின் வேண்டாதவர்களுக்குத் திராட்சைச் சாறில் சோடா கலந்து தருவார்கள். வார நாள்களில் பல குடில்கள் மூடியிருக்கும் என்பதால், கையில் சாப்பாடு இருப்பது நல்லது.

சைக்கிளோடு இங்கே வந்து சேர்வதும் எளிது. மான்ஹைம் நகரிலிருந்து புறநகர் ரயிலில் ஏறினால் அரை மணி நேரம் சொச்சத்தில் நாய்ஷ்டாட். அதே மான்ஹைமில்தான் 1817 ஜூன் 12 அன்று கார்ல் ஃபான் டிரைஸ், பெடலே இல்லாத இரண்டு சக்கர வண்டியைக் காலால் உந்தி ஓட்டினார். சைக்கிளின் முன்னோடி அது. அவர் பார்த்த உத்தியோகம் வன அதிகாரி!

யாருடைய பாதை?

இந்த மாநிலத்தின் வனச் சட்டப்படி காட்டுச் சாலைகளில் சைக்கிள் ஓட்டலாம். மரங்களுக்கு நடுவே புகுந்து ஓட்டக் கூடாது. ரைன் நதிக்கு அக்கரையில் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் விதி இன்னும் கறார். காட்டில் 2 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள பாதையில் சைக்கிளுக்குத் தடை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இடையே அங்கே பல வருடங்களாக இழுபறி. இங்கே கிடைத்திருக்கும் சலுகையும் ஓட்டுகிறவர்களின் நடத்தையை நம்பித்தான் நிற்கிறது.

ஏனென்றால், கார் வராத பாதை யாரும் வராத பாதை ஆகிவிடாது. செப்டம்பரில் அறுவடை. பழம் ஏற்றிய டிராக்டர் அவசரத்தில் வரும், அதற்குத்தான் முதலிடம். அக்டோபரில் மலைச்சரிவில் செஸ்நட் கொட்டைகள் உதிரும். குனிந்து பொறுக்கும் பெரியவர்களுக்குப் பின்னால் வரும் சைக்கிள் கேட்காது. மணியடித்து, வேகம் குறைத்துத்தான் கடக்க வேண்டும். மரம் வெட்டும் இடத்தில் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தால் திரும்பிவிட வேண்டும். நாடாவுக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியவில்லை என்பதற்காக நுழைவது உயிரோடு விளையாடுவது. சிவப்பு வளையப் பலகையின் நடுவில் படம் எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளையாக இருந்தால், அந்தத் தடை சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம்.

மாலையில் காட்டிலிருந்து இறங்கி வரும்போது திராட்சை வரிசைகளின் மேல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. எதிரே ஒரு டிராக்டர். சைக்கிள்காரர் பாதையை விட்டு விலகி, புல்லில் ஒரு காலை ஊன்றி நிற்கிறார். ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்திவிட்டுப் போகிறார். புழுதி அடங்கியதும் மறுபடியும் சரளைச் சத்தம். நாளைக்கும் அந்தப் பாதை சைக்கிளுக்குத் திறந்திருக்க அந்த இரண்டு விரல் போதும்.