கோடு போனாலும் நிறம் நிற்கும்

புகைப்படத்திலிருந்து அரூப ஓவியம் செய்வதாகச் சொல்பவர்களில் பலர், படத்தின் கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை ஃபோட்டோஷாப்பில் போட்டு, ஒரு ஃபில்டரைத் தட்டி ஊதாவும் ஆரஞ்சுமாக்கினால் அது அரூபமாகிவிடாது. 11 நிலையும் குலையாமல் நிற்கும், சாயம் பூசிய கோபுரம்தான் அது. பார்ப்பவர் கண் ‘ஆண்டாள் கோயில்’ என்று பேர் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும். வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. வடிவத்தின் கோடு போகலாம். நிறங்களுக்குள் இருக்கும் உறவு போகக்கூடாது.

இதற்குச் சான்று தேடி விருதுநகர் மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. சிவகாசியில் ஆஃப்செட்டில் அடித்த ஒரு சாமி காலண்டரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முருகன் முகம் காணாமல் போய், சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று புள்ளிகள்தான் மிஞ்சும். எந்தப் புள்ளி எந்த அளவில் எதன் பக்கத்தில் விழுகிறது என்பதில்தான் முகமே இருக்கிறது. திரையிலும் அதே கதைதான். மிளகாய் வத்தல் காயும் களத்தை மேலிருந்து எடுத்த படத்தை மொத்தமாக மங்கலாக்கினால், செஞ்சிவப்பும் வெளிறிய வத்தலும் காம்பின் வைக்கோல் நிறமும் கரிசலும் கலந்து ஒரே பழுப்பாகிவிடும். லேப் (Lab) நிறமுறைக்கு மாற்றினால் வெளிச்சம் ஒரு சேனலிலும் நிறம் வேறு இரண்டிலும் பிரிந்துவிடும். கோடு பெரும்பாலும் குடியிருப்பது வெளிச்ச சேனலில். அதை மட்டும் கரைத்தால் வத்தலின் உருவம் தளர்ந்துவிடும், சிவப்புக்கும் வெளிறலுக்கும் உள்ள தகராறு அப்படியே இருக்கும். கேமராவில் ரா (RAW) கோப்பாக எடுங்கள் என்று நான் நச்சரிப்பதும் இதனால்தான். ஜேபெக் இடத்தை மிச்சம் பிடிக்க முதலில் கைவைப்பது பெரும்பாலும் நிறத்தில். வெளிச்சத்தை முடிந்தவரை விட்டுவைக்கும். நமக்கு வேண்டியதோ நேர் எதிரானது.

உருவம் போன பிறகு அது சிவகாசிப் படம் என்பதற்கு என்ன அத்தாட்சி, இந்தச் சிவப்பை எந்த ஊரிலும் எடுக்கலாமே என்று கேட்கலாம். ஒற்றைச் சிவப்பை எடுக்கலாம்தான். ஆனால் நிறங்கள் சேரும் விகிதத்துக்கு ஊரும் காலமும் உண்டு. சிவகாசிப் பட்டாசையே பாருங்கள்: வாணவேடிக்கையில் சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தால், பச்சை பேரியத்தால், நீலம் தாமிரத்தால் வருகிறது. பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை போட்டது. ஆகவே பழைய தீபாவளிப் படத்தில் அடர்ந்து நிற்கும் பச்சைக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. ஃபில்டர் அந்தப் பச்சையை ஊதாவாக்கும்போது அழிவது அந்தச் சரித்திரம். (வெடித்த பூவின் நடுவில் நிறம் தேடாதீர்கள். சென்சார் நிரம்பி அங்கே வெறும் வெள்ளைதான் பதிந்திருக்கும். நிறம் மிஞ்சுவது ஓரத்து இழைகளில்.) மீதியைப் படத்தின் தலைப்பு சொல்லட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் செத்த மண் இது. இங்கே உருவத்தை அழித்து நிறத்தை ரசிப்பது உண்மையை மறைக்கும் வேலைதானே? பாதி சரி. வத்தல் களமும் வெடிப்பு விட்ட கரிசலும் அச்சகத்தின் கழிவுத்தாளும் அரூபமாவதால் யாருக்கும் நஷ்டமில்லை. கழிவுத்தாள் பாதி வேலையை ஏற்கெனவே முடித்துத் தந்துவிடுகிறது: ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து பட்டாசு லேபிள் ஏறி, சேவல் படமும் எழுத்தும் ஒன்றையொன்று தின்றிருக்கும். ஆனால் அலுமினியப் பொடி படிந்த பட்டாசுத் தொழிலாளியின் கை வேறு விஷயம். அந்த வெள்ளிச் சாம்பலை வெறும் நிறமாகப் பிரித்தெடுத்தால் அழகாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. கை என்று தெரியும்வரைதான் அந்தச் சாம்பலுக்குப் பொருள் உண்டு. அத்தகைய படத்தை லேப் முறைக்கே கொண்டுபோகாமல் புகைப்படமாகவே வெளியிட வேண்டும்.