மூணு மணி அலாரம்

காலெல்லாம் நீர் கோத்துப்போய்தான் பெரியம்மாவைக் கடமலைக்குண்டிலிருந்து கூட்டிப்போனோம். இலவங்காய் வெடிக்கிற பருவத்தில் பொழுதன்னைக்கும் தோப்பில் குனிந்து காய் பொறுக்கியவர். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் விடியக்காலை, கழிப்பறை வாசலில் விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது.

கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியைத் தூக்கிவிட்டுத்தான் இருந்தார்கள். கால்மாட்டு வழியாக நழுவி இறங்கியிருக்கிறார். கீழே பாயில் மதினி படுத்திருந்தாள். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன்.

"பகல்பூரா மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் அலைஞ்சவ தாயி. இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்ப மனசு வரலை."

விழுவதற்கு முன்னால் பெரியம்மாவிடம் யாருமே பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. "தனியா எந்திரிக்க விடாதீங்க" என்று மதினியிடம் சொன்னார்கள். படிவத்தில் கையெழுத்து அண்ணனிடம் வாங்கினார்கள். விழப்போகிறவரை விட்டுவிட்டு மற்ற எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

அன்று ராத்திரி டூட்டிக்கு வந்த சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டார்: "ராத்திரி எத்தனை தடவை எந்திரிப்பீங்க பாட்டி? எந்திரிச்சதும் தலை சுத்துதா?" ஒரு தடவைதானாம், மூணு மணிவாக்கில். கண் இருட்டுமாம், வீட்டிலும் அப்படித்தானாம். படுத்திருந்தவர் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். நீர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக. இது தெரிந்ததும் டாக்டர் சாயங்கால நீர் மாத்திரையை மதியத்துக்கு மாற்றினார்.

பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் மூன்று பெரிய மருத்துவமனைகளில், 14 வார்டுகளில் ஆய்வாளர் பாட்ரீசியா டைக்ஸ் குழுவினர், நோயாளியிடமே இப்படிக் கேட்பதை முறையாகச் செய்து பார்த்தார்கள். யாருக்கு எதனால் விழும் ஆபத்து, அதற்கு என்ன செய்வது என்று நோயாளியையும் வீட்டாரையும் கூட வைத்துக்கொண்டே ஒரு தாளில் குறித்துக் கட்டிலருகே மாட்டினார்கள். 2020இல் முடிவு வெளியானது: விழுவது 15 சதவீதம் குறைந்தது, விழுந்து அடிபடுவது 34 சதவீதம் குறைந்தது. நம் வார்டுகளில் கட்டிலுக்கு ஒரு சொந்தக்காரர் ராப்பகலாக இருக்கிறார். இங்கே இது இன்னும் சுலபமாக நடக்க வேண்டிய காரியம்.

எங்களுக்கு வழி சொன்னது பெரியம்மாதான். "மூணு மணிக்கு போன்ல மணி அடிக்க வச்சிருங்க. அவளா முழிச்சுக்கிட்டா நான் எழுப்புன மாதிரி இருக்காதுல்ல."

அன்று நானும் தங்கினேன். மணி அடிக்கும் முன்பே பெரியம்மா விழித்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. மாவுக்கட்டுக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மதினியின் போனையே பார்த்தபடி படுத்திருந்தார்.