வேம்பில் ஒரு வானூர்தி

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாடியில் உம்மாவுடன் ஒதுங்கியிருந்தோம். தாமிரபரணி சூழ்ந்து தீவுகளாக்கிய ஊர்களுக்கு விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர்கள் உணவு சுமந்தன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிய இரயில் பயணிகளுக்கும் பொட்டலங்கள் வானிலிருந்தே இறங்கின.

வெள்ளம் வடிந்தபின் என் இளைய மகன், "வாப்பா, அதை மரத்தில் செய்வோமா?" என்றான். தோணி கட்டும் ஓடாவி ஒருவர் வேப்பந்துண்டு தந்தார். ஐம்பதில் ஒரு பங்கு அளவு. 21 மீட்டர் விட்டமுள்ள சுழலி எங்கள் மேசையில் 42 சென்டிமீட்டராயிற்று. அதில் ஐந்து இறக்கைகள். இடையே 72 பாகை. என் அவசரத்தால் ஓர் இறக்கை கனத்துவிட, சுழற்றியதும் ஊர்தி தள்ளாடிக் கவிழ்ந்தது.

"சார், எடை ஒத்து வந்தாத்தான் நிக்கும், தோணிக்கும் அதுதான் கணக்கு" என்றார் ஓடாவி. கற்பிப்பவன் அன்று மாணவனானேன். மீண்டும் இழைத்தோம், நின்றது.

இறுதியில், "இது படை ஊர்தியாயிற்றே, துப்பாக்கி பொருத்தவா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் வாப்பா. கதவைத் திறந்து வையுங்கள். அதிலிருந்து சோறுதானே வந்தது?"

மாணவச் செல்வங்களே, அந்தக் கதவு இன்றும் எங்கள் அலமாரியில் திறந்தே இருக்கிறது.