கனடாவுக்கு முன் ஒரு சுற்று

விசா வந்தால் எங்கள் ஊரில் செய்யும் வேலைகள் தெரிந்தவைதான். நல்லூரில் ஓர் அர்ச்சனை, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லுதல், மிளகாய்த்தூள் இடித்துப் பொதி கட்டுதல். பிறகு இரவு பஸ் ஏறி, ஏ9 வீதியால் கட்டுநாயக்கா. அந்த வீதிக்கு அங்காலே இருக்கும் நாட்டைக் காணாமலே போனவர்கள் என் குடும்பத்தில் நிறையப் பேர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏ9 பல வருடம் மூடிக்கிடந்தது. 2002இல் திறந்து, 2006இல் திரும்பவும் மூடினார்கள். எனக்குப் பாதை திறந்திருக்கிறது. மச்சானின் வானை வாங்கிக்கொண்டு மனைவியும் அப்பாவும் நானுமாக வெளிக்கிட்டோம்.

தொடக்கம் பருத்தித்துறை, சக்கோட்டை முனை. இது வட அந்தம். தென் அந்தத்தில் தேவேந்திரமுனை. பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் சேர்த்துச் சொன்ன பெயர்கள்! இரண்டையும் ஒரே பயணத்தில் மிதிக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

முறிகண்டி. பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்தச் சாரதியும் தாண்டுவதில்லை. மணலில் வறுத்த கச்சான், கோதோடு, கைபொறுக்காத சூடு. உடைத்தால் விரல் நுனியில் மணல் ஒட்டும்.

திருகோணமலையில் கோட்டை வாசலில் மான்கள் படுத்திருந்தன. கோணேசரைக் கும்பிட்டுவிட்டு உடனேயே கிளம்பினோம்.

மட்டக்களப்புக்குப் போகும் வீதியில் ஒரு காலம் கிண்ணியா, வெருகல் எல்லாம் 'பாதை' என்ற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டியிருந்தது. இப்போது பாலங்கள். ஆனால் குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு நாங்கள் பாதையில்தான் போனோம். மோட்டார் சைக்கிள்கள், ஒரு ஆட்டோ, நெல் மூட்டை, வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் எல்லாம் ஒரே பலகைத் தளத்தில். வாவித் தண்ணீர் காலடியில் தளும்புகிறது. ஒருவருக்கும் அவசரமில்லை. மண்டூர் முருகன் கோயிலில் கதிர்காமத்தைப் போலவே வாய் கட்டிப் பூசை செய்கிறார்கள். மந்திரம் காதில் விழாத கோயில் எங்கள் பக்கத்தில் அருமை. மனைவி வெகுநேரம் எழும்பவில்லை.

தேவேந்திரமுனை. வெளிச்சவீடு, தென்னை, கடல். அதற்குத் தெற்கே நிலமில்லை. இங்கே இருந்த தென்னாவரம் பெருங்கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்தார்கள். இப்போது இருப்பது விஷ்ணு தேவாலயம். இந்த ஊரின் மிச்சக் கதை கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. செங் ஹே என்ற சீனக் கடற்படைத் தளபதியின் கப்பல்கள் கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு பொறித்த கல் அது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. கொழும்பில் அதன் முன்னால் அப்பா குனிந்து நின்று எழுத்துக்கூட்டப் பார்த்தார். தமிழ் வடக்குக்கும் கிழக்குக்கும் மட்டும் உரியது என்று நினைக்கும் எவரும், எந்த இனத்தவரானாலும், இந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

ஹற்றன். இந்தக் குறிப்பேட்டில் அதிகப் பக்கம் இதற்குத்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா இங்கே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். அவருடைய பழைய மாணவர் ஒருவர் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னுக்கு இஸ்தோப்பு. அதில் ஒரு வாங்கு. அப்பாவைக் கண்டதும் "சேர்" என்று எழும்பி நின்றவர், அறுபது தாண்டியவர், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. மருமகள் மலையில் இருந்து வந்தாள், நெற்றியில் கயிறு அழுந்திய தடத்தோடு. பெருவிரலும் சுட்டுவிரலும் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தன. அந்தக் கையால் பிளேன்ரீயும் ஒரு துண்டு சீனியும் தந்தாள். நாட்டுக்கே டொலர் கொண்டுவந்த கை. நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதே 2021இல்தான், அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு.

1948இன் குடியுரிமைச் சட்டம் இவர்களைப் போன்ற மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பங்கு பிரித்த இரண்டு அரசுகளும் அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே வீட்டில் தாய்க்கு ஒரு நாடு, மகளுக்கு ஒரு நாடு என்று கடிதம் வந்தது. மாணவரின் அக்கா அப்படிப் போனவர்.

ஸ்டேசனில் நின்று அப்பா சொன்னார்: "கோச்சி வெளிக்கிடேக்கை ஒரே குழறல். ஆக்களை இழுத்துத்தான் பிரிச்சவை. என்ரை வகுப்பிலை ஒவ்வொரு மாசமும் ரெண்டு மூண்டு வாங்கு காலியாகும். நான் டாப்பிலை பேரை வெட்டிக்கொண்டு இருந்தன்." அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். இவ்வளவு வருடத்தில் அப்பா வீட்டில் இதைச் சொன்னதேயில்லை.

அந்தக் கோச்சி போன திசையிலேயே போவோம் என்றார். நாவலப்பிட்டி, குருநாகல், அநுராதபுரம், மதவாச்சி. அங்கே இடப்பக்கம் திரும்பி மன்னார் வீதி. வழியில் ஒருவரும் அதிகம் கதைக்கவில்லை.

தலைமன்னார். தண்டவாளம் போரில் அழிந்து 2015இல் மீண்டும் வந்தது. பழைய இறங்குதுறை சிதைந்து கிடக்கிறது. 'ராமானுஜம்' கப்பல் இங்கிருந்துதான் அவர்களை இராமேஸ்வரத்துக்கு ஏற்றிப் போனது. கொழுந்து தவிர வேறு தொழில் தெரியாதவர்கள். கண்ணால் காணாத ஒரு 'தாய்நாடு'. நான் போவது விரும்பி. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது எடுத்த முடிவு, நானே நிரப்பிய விண்ணப்பம், நானே கட்டிய காசு. திரும்பி வர எனக்குக் கடவுச்சீட்டும் இருக்கும். ரொறன்ரோவில் யாராவது இலங்கைத் தமிழர் பட்ட பாட்டைக் கேட்டால், யாழ்ப்பாணத்துக்கு முதல் ஹற்றனைச் சொல்வேன். அந்த ஒழுங்குதான் சரி.

மன்னாரில் கழுதைகள், பள்ளிமுனைப் பெருக்கமரம். பிறகு பூநகரி வீதி. 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் ஏறினால் வீடு.

விசாவோடு நிற்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பாரிக் கோச்சியில் ஆட்களை ஏற்றிவிட்டவர்கள் இன்று அறுபது, எழுபது தாண்டியவர்கள். கொழும்பில் உடுப்பு வாங்க ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகலை எடுத்து ஹற்றனிலோ நாவலப்பிட்டியிலோ இறங்குங்கள். யாராவது ஒருவரோடு இஸ்தோப்பில் இருந்து கேளுங்கள், சொல்வதை ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த முறை விடுமுறையில் வரும்போது அவர்கள் இருப்பார்கள் என்று நம்பி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.